சேறு, மணல், சாம்பல்

அமாமி ஓஷிமாவுக்குப் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரைக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். தப்பில்லை. பவளத் திட்டுகளின் மேல் கடல் இளம்பச்சையாகவும், திட்டு முடியும் இடத்தில் சட்டென்று கருநீலமாகவும் கிடக்கும். ஆனால் என்னைக் கேட்டால், அந்தத் தீவில் முதலில் பார்க்க வேண்டியது சேறு.

குன்றடிவாரத்தில் வயல் போல வரப்புக் கட்டிய ஒரு குட்டை. முழங்காலுக்கு மேல் ஏறும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் அதில் குனிந்து நின்று, கையிலிருக்கும் பட்டு நூல் கற்றையைச் சேற்றில் முக்கி, பிசைந்து, உதறி, மறுபடி முக்குகிறார். பட்டைக் கொண்டுபோய்ச் சேற்றில் போடுவதா என்று பார்க்கிறவர்களுக்குப் பதறும். குட்டைக்குள் போகும்போது செம்பழுப்பாக இருந்த நூல் வெளியே வரும்போது இருண்டிருக்கிறது. ஓடையில் அலசியதும் சேறு போய்விடுகிறது, இருட்டு போவதில்லை. ஓஷிமா ட்சுமுகி என்ற பட்டுத் துணியின் கறுப்பு இப்படித்தான் பிறக்கிறது.

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே உள்ளது கியூஷு. அதற்கும் ஒகினாவாவுக்கும் நடுவில், ககோஷிமா நகரத்திலிருந்து ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது அமாமி ஓஷிமா. வெப்ப மண்டலத்தின் வாசற்படி. பனி என்றால் அங்குள்ள குழந்தைகளுக்குப் படத்தில் பார்த்த சங்கதிதான். ஆண்டுக்கு 2,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்க, அவற்றுக்கிடையே கையகல நிலத்தில் ஊர்கள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக முன்பெல்லாம் மலை ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் படகு. இப்போது சுரங்கப் பாதைகள் வந்துவிட்டன. அந்த மழையும் அந்த மலைமண்ணும்தான் மேலே சொன்ன சேற்றுக்குக் காரணம். பழங்காலப் பாறை அடுக்குகள் கரைந்து இறங்கிய அந்தச் சேற்றில் இரும்புச் சத்து மிகுதி.

சேறு தனியாக ஒன்றும் செய்துவிடாது. முதலில் நூல் சாரின்பாய் மரத்தின் சாற்றில் தோய வேண்டும். தீவில் தானாக வளரும் குட்டை மரம் அது. ரோஜா இனத்தைச் சேர்ந்தது. அதன் தண்டைச் சீவல் சீவலாக வெட்டிப் பெரிய கொப்பரையில் பத்து மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்தால் செம்பழுப்புச் சாறு இறங்கும். அதில் ஒரு முறை, சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு முறை என மாற்றி மாற்றித் தோய்த்து, ஏறக்குறைய இருபது தடவை ஆன பிறகுதான் சேற்றுக் குட்டைக்கு முதல் பயணம். சாற்றிலுள்ள துவர்ப்பும் சேற்றிலுள்ள இரும்பும் சேர்ந்ததும் கறுப்பு பற்றுகிறது. கடுக்காய்ச் சாறு இரும்புச் சட்டியில் பட்டால் கறுக்குமே, அதே வேதியியல். ஆனால் ஒரே மூச்சில் கறுத்துவிடுவதில்லை. இருபது முறை சாறு, ஒரு முறை சேறு. மறுபடி இருபது முறை சாறு, ஒரு முறை சேறு. இப்படி மூன்று நான்கு சுற்று. கணக்குப் பார்த்தால் எண்பது தடவைக்குப் பக்கத்தில் வருகிறது. சேற்றில் இரும்பு குறைந்துவிட்டது என்று தோன்றினால் சாயக்காரர்கள் சைகஸ் என்ற செடியின் இலைகளை வெட்டிக் குட்டையில் போட்டு வைப்பார்கள். சேறு மறுபடி வீரியம் பெறும்.

இவ்வளவும் வண்ணத்துக்கு மட்டும். துணியின் கோலம் தனிக் கதை.

ஓஷிமா ட்சுமுகி இருமுறை நெய்யப்படும் துணி. முதல் நெசவு, பிரித்துப் போடுவதற்கென்றே நெய்கிற நெசவு. கோலத்தில் எந்தெந்தப் புள்ளி வெள்ளையாக நிற்க வேண்டுமோ, அந்தந்த இடத்தில் பட்டு நூலைப் பருத்தி நூலால் இறுக்கிக் கவ்வும்படி ஒரு தனித் தறியில் நெய்கிறார்கள். அசுர பலம் வேண்டிய வேலை, அதனால் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கிறது. நெய்து முடிந்தால் பாய் மாதிரி விறைப்பான ஒரு பொருள் கிடைக்கும். அந்தப் பாயைத்தான் சாற்றிலும் சேற்றிலும் தோய்க்கிறார்கள். பருத்தி கவ்விய இடத்தில் சாயம் ஏறாது. பிறகு அந்தப் பருத்தி நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். நெய்தது அத்தனையும் கலைந்து, கறுப்பு நூலில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது நெசவு கைத்தறியில். பெரும்பாலும் பெண்கள். பாவு நூலிலும் புள்ளி, ஊடை நூலிலும் புள்ளி. இரண்டும் தறியில் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விலகினாலும் கோலம் மங்கிவிடும். ஆகவே ஏழு சென்டிமீட்டர் போல நெய்ததும் கை நிற்கிறது. பாவைத் தளர்த்துகிறார்கள். ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக நெம்பி, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. புள்ளியின் மேல் புள்ளி உட்கார்ந்ததும் மறுபடி பாவை இறுக்கி அடுத்த ஏழு சென்டிமீட்டர். ஒரு கிமோனோவுக்கு வேண்டிய துணி பன்னிரண்டு மீட்டருக்கு மேல். முப்பதுக்கும் மேற்பட்ட படிகள், அரை வருடம் முதல் ஒரு வருடம். தறியில் உட்காரும் பெண்களில் முதியவர்களே அதிகம். ஆண்டுக்கு ஆண்டு நெசவு குறைந்துகொண்டு வருவது ஊரார் மறைக்காமல் சொல்லும் வருத்தம்.

முடிந்த துணியை எட்டி நின்று பார்த்தால் வெறும் கறுப்பு. ஆர்ப்பாட்டமே இல்லை. இரண்டடி கிட்டே போனால் கோலம் தெரியத் தொடங்கும். தத்சுகோ என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கோலம் ஒன்று; சைகஸ் இலையும் ஹபு என்னும் நச்சுப் பாம்பின் முதுகும் சேர்ந்து பிறந்தது என்பார்கள். மூக்கு படும் அளவுக்குக் குனிந்தால்தான் அந்தக் கோலம் முழுக்க நுண்புள்ளிகளால் ஆனது என்று புரியும். கறுப்பிலும் ஒரு செம்மை உள்ளோடுகிறது. வெயிலில் பிடித்தால் சாரின்பாய்ச் சாறு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஆலைக் கறுப்பில் இந்த ஆழம் வராது. தூரத்துப் பார்வைக்கு எதையும் தராமல், நெருங்கி வருகிறவனுக்கு மட்டும் எல்லாவற்றையும் தரும் அழகை நான் மிக உயர்ந்த அழகு என்று எண்ணுகிறேன்.

இந்தச் சேற்றுச் சாயம் எப்படி வந்தது என்பதற்குத் தீவில் ஒரு கதை சொல்கிறார்கள். 1609-இல் கியூஷுவின் சத்சுமா படை ஒகினாவாவின் ரியூக்யூ அரசை வென்றதிலிருந்து அமாமி சத்சுமாவின் பிடிக்குள் வந்தது. 1720-இல், தீவின் சாதாரண மக்கள் ட்சுமுகி உடுத்தக் கூடாது என்று ஆணை. அதிகாரி வருகிறான் என்று தெரிந்து ஒரு பெண் தன் உடையை வயற்சேற்றில் ஒளித்து வைத்தாளாம். பிறகு எடுத்துப் பார்த்தால் அழகிய கறுப்பு. கதை கதையாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் நிற்கும் சரித்திரம் மெய். தாங்கள் நெய்ததைத் தாங்களே உடுத்த முடியாது. தாங்கள் காய்ச்சிய கருப்புச் சர்க்கரையைத் தாங்களே நக்கிப் பார்க்க முடியாது. வயலெல்லாம் கரும்பாக்கப்பட்ட பின் பஞ்சம் வந்தபோது, நஞ்சுள்ள சைகஸ் கொட்டையை ஊற வைத்துக் காய வைத்து நஞ்சு நீக்கித் தின்று உயிர் பிழைத்தார்கள். இன்று அந்தச் சைகஸ் அழகுச் செடியாகத் தீவெங்கும் நிற்கிறது. பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ட்சுமுகிப் பட்டறை ஒன்றில் சாயத் தொழிலாளியாகக் கூலி வேலை பார்த்த ஒருவர்தான் இந்தத் தீவை உலகத்துக்குக் காட்டிய ஓவியர். பெயர் தனாகா இஸ்ஸோன். 1908-இல் டோச்சிகி மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தூரிகையில் மேதை என்று பெயர் எடுத்தவர். 1926-இல் டோக்கியோ கலைப் பள்ளியில் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகினார். ஓவிய மன்றங்களின் பெரிய காட்சிகளுக்குப் படம் அனுப்பி அனுப்பி, பெரும்பாலும் திருப்பி அனுப்பப்பட்டார். 1958-இல், ஐம்பதாவது வயதில், இருந்த வீட்டை விற்றுவிட்டு அமாமிக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவர் போட்டுக்கொண்ட திட்டம் எளியது: ஐந்து வருடம் சாயப்பட்டறையில் உழைத்துக் காசு சேர்ப்பது, அந்தக் காசில் மூன்று வருடம் படம் மட்டும் வரைவது. அப்படியே செய்தார். ஒரு குடிசை வீடு, கொல்லையில் தானே பயிரிட்ட காய்கறி, ஒரு வேளைச் சாப்பாட்டிலும் சிக்கனம். 1977-இல் அறுபத்தொன்பது வயதில் தீவிலேயே தனியாக இறந்தார். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. 1984-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்த பிறகே ஜப்பான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. 2001-இல் தீவில் அவருக்கு நினைவு ஓவியக்கூடம் எழும்பியது. கால்களின் மேல் நிற்கும் பழைய நெற்களஞ்சியங்களின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். 2024-இல் டோக்கியோ மாநகரக் கலைக்கூடத்தில் பெரும் காட்சி நடந்தது.

அவருடைய 'அடான் மரமுள்ள கடற்கரை' 1969-இல் வரைந்தது. அடான் என்பது தாழை இனம். பட்டுத் திரையில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான நெட்டைப் படம். முன்னால் முள் ஓரம் கொண்ட நீள இலைகளும், நடுவில் பழுத்துத் தொங்கும் ஒரு காயும். கண் முதலில் அந்தக் காயில்தான் ஒட்டும். கொஞ்ச நேரம் நின்றால் கண் கீழே இறங்கும். அங்கே கரையில் கூழாங்கற்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், தனி நிழல். அதற்கப்பால் நொறுங்கி நொறுங்கி வரும் சிற்றலைகள், அதற்கும் அப்பால் தொடுவானத்தில் அடுக்கி நிற்கும் மேகம். இந்தப் படத்தின் மெய்யான நோக்கம் மேகமும் சரளைக் கற்களும்தான் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தாழை நாயகன் அல்ல! அந்தக் கற்களில் தம் பலம் முழுவதும் தீர்ந்துவிட்டதால், சில நொடி வேலையான கையெழுத்துக்குக்கூடத் தெம்பு மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறார். படத்தில் கையெழுத்து இல்லை. தேடிப் பார்க்கிறவர்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கற்களைப் பார்க்க வேண்டும். வேறு எந்தக் கையெழுத்து வேண்டும்?

இதையும், காட்டுச் சேம்பும் சைகஸும் நெருக்கி நிற்க நடுவில் சிறு இடுக்கு வழியே கடல் பாறை ஒன்று தெரியும் இன்னொரு படத்தையும் அவர் விற்கவே மறுத்தார். எம்மா ராஜனுக்குத் தாம் கொண்டுபோகும் காணிக்கை என்றார். எம்மா நம் எமனேதான். பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பான் வரை போனவன். இரண்டாவது படத்தில் அந்தச் சேம்பின் மொட்டு, மலர், காய், கனி எல்லாம் ஒரே செடியில் ஒரே வேளையில் இருக்கின்றன. இயற்கையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. ஒரு செடியின் முழு வாழ்நாளையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவந்திருக்கிறார். எமனிடம் காட்டத் தகுந்த படம்தான்.

தீவில் இன்னொரு கலைஞன் இருக்கிறான். அவனைப் பார்க்கக் கடலுக்குள் பத்து இருபது மீட்டர் இறங்க வேண்டும். 1990-களின் நடுவில் அமாமியின் தெற்குக் கடலில் முத்துக்குளிப்பவர்களைப் போல மூழ்கித் திரிகிறவர்கள் மணல் தரையில் விசித்திரமான வட்டங்களைக் கண்டார்கள். இரண்டு மீட்டர் விட்டம். மையத்திலிருந்து வெளியே கதிர் கதிராக ஓடும் மேடுகளும் பள்ளங்களும். யார் போட்டது என்று பல ஆண்டுகள் தெரியவில்லை. கடைசியில் பிடிபட்டது, ஒரு சாண் நீளம்கூட இல்லாத பேத்தை மீன். ஆண் மீன். 2014-இல் அறிவியலார் அதைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்.

அது வேலை செய்யும் விதம் இது. மணலில் வயிற்றைப் பதித்து, துடுப்பையும் வாலையும் ஆட்டியபடி வெளியிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நீந்துகிறது. ஒரு பள்ளம். பிறகு வேறு கோணத்திலிருந்து இன்னொரு பள்ளம். ஒரு வாரத்துக்கு மேல் இரவும் பகலும் நீரோட்டம் அழிக்க அழிக்க இது செதுக்குகிறது. மேடுகள் உயர்ந்ததும் சிப்பித் துண்டுகளையும் பவளச் சில்லுகளையும் வாயில் கவ்விக் கொண்டுவந்து முகட்டில் பதிக்கிறது. நடு வட்டத்தில் மட்டும் வேறு வகைக் கோலம். ஒழுங்கற்ற மெல்லிய நெளிவுகள். வெறும் அலங்காரம் இல்லை. பள்ளங்கள் வழியே வரும் நீர் மையத்தை அடையும்போது தணிகிறது; மணலிலேயே மிக நுண்ணியது அங்கே வந்து தேங்குகிறது. பெண் மீன் வந்து பார்த்துப் பிடித்தால் அந்த நுண்மணலில் முட்டையிடும். ஆண் குஞ்சு பொரியும்வரை காவல் இருக்கும். அதற்குள் வட்டம் கரைந்துவிடும். அடுத்த முறைக்குப் பழைய வட்டத்தைச் செப்பனிடுவதில்லை. நுண்மணல் தீர்ந்த இடம் அதற்கு வேண்டாம். புதிய இடத்தில் முதல் பள்ளத்திலிருந்து தொடங்கும்.

காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்; இரவில் வழிகாட்டியோடு போய்ப் பார்த்தால்தான் அது விளங்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மரப் பெரணிகள், ஆற்று முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு. இந்தத் தீவிலும் பக்கத்துத் தொகுனோஷிமாவிலும் தவிர உலகில் எங்குமில்லாத கரு முயல். காது குட்டை, மேனி கறுப்பு. தாய் முயல் குட்டியை வளையில் விட்டு வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை இரவில் வந்து மண்ணைத் தோண்டித் திறந்து, சில நிமிடம் பால் கொடுத்து, மறுபடி மூடி, முன்னங்கால்களால் தட்டித் தட்டிச் சமன் செய்யும். அதன் மேல் இலைச் சருகையும் தள்ளி வைக்கும். வளை இருந்த தடமே தெரியாது. ஹபு பாம்பிடமிருந்து காக்க அதற்குத் தெரிந்த வித்தை. மனிதர்கள் 1979-இல் அதே பாம்பை ஒழிக்கிறோம் என்று கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பாம்பு இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. இரண்டும் சந்திக்கவே இல்லை, முயல்தான் செத்தது. பல்லாண்டு வேட்டைக்குப் பின் 2024 செப்டம்பரில் கீரி அறவே நீங்கியது என்று ஜப்பான் அரசு அறிவித்தது. 2021-இல் இந்தக் காடு யுனெஸ்கோ இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஏறத் தகுந்ததே.

சாப்பாடு என்றால் கேய்ஹான். சோற்றின் மேல் நார் நாராகப் பிய்த்த கோழி, நூலாக நறுக்கிய முட்டை அடை, காளான், பப்பாளி ஊறுகாய், உலர்ந்த ஆரஞ்சுத் தோல். இவற்றின் மேல் சூடான கோழி ரசத்தை ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஆரஞ்சுத் தோலை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசி வாயில் அதன் கசப்புதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது. கருப்புச் சர்க்கரையிலிருந்து வடிக்கும் ஷோச்சு மதுவை இந்தத் தீவுக் கூட்டத்தில் மட்டுமே வடிக்கலாம் என்பது ஜப்பானியச் சட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்த அமாமி 1953 டிசம்பர் 25-இல் ஜப்பானோடு திரும்பச் சேர்ந்தபோது கிடைத்த உரிமை அது.

தீவிலிருந்து ககோஷிமாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். கப்பலில் ஒரு இரவு. கப்பலைத்தான் சொல்வேன். அதிகாலையில் மேல்தளத்தில் நின்றால் கைமோன் மலை கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பது தெரியும். 924 மீட்டர், உயரம் பெரிதில்லை, வடிவம்தான் பெரிது. பிசிறில்லாத கூம்பு. அதன் பக்கத்தில்தான் இபுசுகி.

இபுசுகி சத்சுமா தீபகற்பத்தின் தென் முனையில் உள்ள வெந்நீர் ஊற்று ஊர். ஜப்பானில் வெந்நீர் ஊற்று இல்லாத மாநிலமே இல்லை. ஆனால் இங்கே ஊற்று குளமாகத் தேங்காமல், மண்ணுக்கடியில் ஓடிக் கடற்கரை மணல் வழியே கடலுக்கு இறங்குகிறது. அதனால் சுரிகஹாமா கடற்கரையின் மணலே அடுப்பில் வைத்தது போலக் கிடக்கிறது. அந்த மணலில் புதைந்து படுப்பதுதான் குளியல். முந்நூறு ஆண்டுக்கு மேலான வழக்கம்.

உள்ளே போனதும் யுகாத்தா என்ற பருத்தி அங்கி ஒன்று தருகிறார்கள். அதை மட்டும் உடுத்திக்கொண்டு கடற்கரைக்கு இறங்க வேண்டும். மணல் வெள்ளையாக இருக்காது. எரிமலை நாட்டு மணல், கருஞ்சாம்பல். ஓர் ஆள் நீளத்துக்குத் தோண்டிய பள்ளத்தைக் காட்டிப் படுக்கச் சொல்கிறார்கள். தலைக்குத் துண்டு. பிறகு மண்வாரியோடு மணல் போடுபவர் வருகிறார். இவர்கள் வேலையை நான் மிக ரசித்தேன். முதலில் காலில் போடுகிறார்கள், பிறகு வயிறு, பிறகு மார்பு, கடைசியில் தோள். மண்வாரியைத் திருப்பிக் கொட்டுவதில்லை. சரித்துச் சறுக்க விடுகிறார்கள், அதனால் மணல் விழும் அடியே தெரிவதில்லை. கழுத்தருகில் மண்வாரியை விட்டுவிட்டுக் கையால் அணைக்கிறார்கள், முகத்தில் ஒரு துகள் தெறிக்காமல். சூடு போதுமா என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

மணலின் சூடு ஐம்பது பாகைக்கு மேல். ஆனால் முதலில் தெரிவது சூடல்ல, பாரம். ஈர மணல் உடம்பின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அமுக்குகிறது. மூச்சு இழுக்கும்போது மார்பின் மேல் மணல் விரிசல் விட்டு, விடும்போது மூடிக்கொள்கிறது. இரண்டு நிமிடத்தில் விரல் நுனியில் நாடி துடிப்பது தெரிகிறது. பிறகு பாதத்தில், பிறகு முதுகுக்குக் கீழே, மணலே துடிப்பது போல. நெற்றியில் வியர்வை அரும்பிக் கண்ணுக்குள் வழிகிறது. துடைக்கக் கை இல்லை. அப்போது காது கூர்மையாகிறது: அலை, மண்வாரி மணலில் இறங்கும் சரக்கென்ற ஓசை, பக்கத்துப் பாட்டி விடும் நீண்ட பெருமூச்சு. குதிகால்தான் முதலில் சுடும். சுட்டால் கொஞ்சம் அசைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் போதும் என்பார்கள். எழும்போது புதைத்தவர் தோண்டி எடுப்பதில்லை. நாமே முதுகை உயர்த்தி மணலை உடைத்துக்கொண்டு எழ வேண்டும். கடற்காற்று ஈர யுகாத்தாவில் படும் அந்தக் கணத்துக்காகவே இன்னொரு முறை புதையலாம்.

ஊருக்கு மேற்கே மலைக்குள் உனாகி ஏரி என்று ஒரு சின்ன எரிமலைக் குழி ஏரி. அதன் கரைக் குடியிருப்பில் வீட்டு முற்றங்களில் ஆவி அடுப்புகள் உண்டு. சுமே என்று பெயர். தரையிலிருந்து வரும் ஆவியின் மேல் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, நடுவில் ஒரு துளை. முட்டையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வைத்து மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தக் கிழங்குக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு. பக்கத்து யாமகவா துறையைச் சேர்ந்த மாயேதா ரியேமோன் என்ற கடலோடி 1705-இல் ரியூக்யூவிலிருந்து கொண்டுவந்த கிழங்கு அது. எரிமலை மண்ணில் நெல் சரியாக விளையாது, கிழங்கு விளையும். சத்சுமா நாட்டைப் பஞ்சத்திலிருந்து காத்தது அதுதான். அவருக்கு அங்கே கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். கிழங்குக்காக ஒருவருக்குக் கோயில் எழுப்பிய மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

யாமகவாவில் இன்றைக்கும் சூரை மீனைப் புகையிட்டு உலர்த்துகிறார்கள். மீனை அவித்து, முள் எடுத்து, விறகுப் புகையில் பல நாள் வாட்டி, மேற்புறம் செதுக்கி, பூசணம் படர விட்டு, வெயிலில் காய வைத்து, மறுபடி பூசணம், மறுபடி வெயில். மாதக் கணக்கில் ஆகும். நல்லதா என்று பார்க்க இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். கட்டைகள் மோதுவது போலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம்.

ஊரில் தவறவிடக் கூடாத இன்னொரு இடம் ஹஷிமுரேகவா அகழ்வாய்வுத் தளம். பயணிகள் அதிகம் வருவதில்லை. பள்ளி மாணவர் ஒருவர் பொறுக்கிய பானை ஓடுகளில் தொடங்கியது. 1918, 1919-இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஹமாதா கோசாகு அங்கே தோண்டினார். எரிமலை கக்கிய சாம்பல் அடுக்கின் கீழே ஜோமோன் என்னும் பழங்கால வகைப் பானை ஓடுகள், மேலே யாயோய் என்னும் வகை ஓடுகள். அதுவரை இவ்விரண்டும் ஒரே காலத்து வெவ்வேறு மக்களின் பானைகள் என்ற கருத்தும் இருந்தது. நடுவில் கிடந்த ஒரு சாம்பல் கோடு, எது முந்தையது எது பிந்தையது என்ற வழக்கைத் தீர்த்துவைத்தது. மேலே இன்னொரு அடுக்கு: 874-ஆம் ஆண்டு வசந்தத்தில் கைமோன் வெடித்தபோது விழுந்தது. வீடுகள், வயல்கள், பாதைகள் அப்படியே மூடுண்டன. அருங்காட்சியகத்தில் அந்த மண் அடுக்குகளை வெட்டி எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வயலின் பாத்திகள்கூடத் தெரிகின்றன. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஓர் உழவர் மண்வெட்டியால் இழுத்த கோடு.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தீவை முதலில் வையுங்கள், இபுசுகியைப் பிறகு வையுங்கள். காட்டிலும் கப்பலிலும் அலைந்த உடம்புக்கு அந்த மணல் கூடுதலாக இனிக்கும். ஜனவரியில் போனால் இகேதா ஏரிக் கரையில் கடுகுப் பூ மஞ்சளாக விரிந்திருக்கும். மணற்குளியலுக்குக் கடல் வற்றிய நேரம்தான் உத்தமம், அலையோரமாகப் படுக்கலாம். நீர் ஏறிவிட்டால் கரை மேல் உள்ள கூரைக்கடியில்தான் இடம் தருவார்கள். வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறும். முந்தின நாள் மாலையே தங்குமிடத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.